சுருட்டை முடிக்கு எந்த வெட்டு? ரீபாண்டிங் செய்யலாமா?

கேள்வி: 12 ஜூலை 2025, சனி, இரவு 9:40

அக்கா, எனக்கு 23 வயது, பட்டர்வொர்த். தோள் வரை சுருட்டை முடி, முகம் வட்டம், கண்ணாடி போடுவேன். அக்டோபரில் பட்டமளிப்பு விழா. அம்மாவும் பெரியம்மாவும் ரீபாண்டிங் செய்து முடியை நேராக்கிவிடு, போட்டோவில் அழகாக விழும் என்கிறார்கள். கடையில் 350 வெள்ளி (ரிங்கிட்) கேட்கிறார்கள். செய்யலாமா? வெறுமனே வெட்டியே சரிசெய்ய முடியுமா? போன தடவை வெட்டியபோது முடி முக்கோணமாக விரிந்து நின்றது, இரண்டு மாதம் கட்டிக்கொண்டே திரிந்தேன்.

12 ஜூலை, இரவு 11:15

செய்யாதே தங்கச்சி. மூன்று மாதம் இருக்கிறது, அதற்குள் இந்த முடியையே அழகாகக் கொண்டுவந்துவிடலாம்.

நானும் பினாங்குதான், பாயான் லெப்பாஸில் கிலாங் (தொழிற்சாலை) வேலை, வயது 38, பிறந்ததிலிருந்து சுருட்டை. 2014இல் ஒரு பேரங்காடிக் கடையில் ரீபாண்டிங் செய்தேன், பெயர் வேண்டாம். ஐந்து மணி நேரம் உட்கார வைத்தார்கள். காதுக்குப் பின்னால் எரிகிறது என்று இரண்டு தடவை சொன்னேன், கொஞ்சம் பொறுங்கள் என்றார்கள், பொறுத்தேன். மறுநாள் அங்கே தோல் உரிந்தது.

முதல் மூன்று மாதம் எல்லாரும் பாராட்டினார்கள், அது உண்மை. அப்புறம்தான் கதை. முடி என்பது கெரட்டின் என்கிற புரதம், அந்தப் புரத இழைகளைச் சேர்த்துப் பிடித்து வைத்திருப்பவை கந்தகப் பிணைப்புகள். முதலில் போடும் கிரீம் அந்தப் பிணைப்புகளை உடைக்கும், பிறகு சூட்டு இரும்பால் நேராக இழுப்பார்கள், கடைசியில் இன்னொரு கிரீமைப் போட்டு நேராக இருக்கிற நிலையிலேயே திரும்பப் பூட்டிவிடுவார்கள். பூட்டிய முடி இனி சுருளாது. ஆனால் சுருளைத் தீர்மானிப்பது தோலுக்குள் இருக்கிற முடிக்குழியின் வடிவம், அதை எந்தக் கிரீமும் தொடுவதில்லை, ஆகவே வேரில் புதிதாக வருவது பழையபடி சுருட்டையாகவே வரும். மாதத்துக்குச் சுமார் 1 செ.மீ. ஆறாவது மாதம் என் தலையில் மேலே சுருட்டை, கீழே ஈர்க்குச்சி. இரண்டும் சேர்கிற இடத்தில் முடி ஒடிந்துகொண்டே இருந்தது. காலையில் தலையணையில் விரல் நீளத் துண்டுகள் கிடக்கும், ஒரு முனை வளைந்து, ஒரு முனை கம்பி மாதிரி. அதை எடுத்து வெளிச்சத்தில் பார்த்துவிட்டு அழுதிருக்கிறேன்.

முழுதும் வெட்டி எடுக்க இரண்டு வருடம் ஆனது. வெட்டு பற்றி நாளைக்கு எழுதுகிறேன், காலை ஷிப்ட்.

13 ஜூலை, மாலை 6:30

முக்கோணம் ஏன் வருகிறது என்றால், ஈரமாக வைத்து, சீப்பால் நேராக இழுத்து, ஒரே நீளத்துக்கு நேர்கோடாக வெட்டுகிறார்கள். கோரை முடிக்கு அது சரி. நம் முடி காய்ந்ததும் ஒவ்வொரு சுருளும் ஒவ்வொரு அளவு மேலே ஏறும். உச்சி முடி தன் பாரத்தால் தட்டையாகக் கிடக்கும், கீழே எல்லாம் ஒன்றுகூடி விரியும்.

ஆகவே முதல் விதி, காய்ந்த முடியில் வெட்ட வேண்டும். கடையில் மலாயில் சொல்வதானால் "போத்தோங் கெரிங், ஜாங்ஙான் பாசாக்கான்". இரண்டாவது, மெலிதாக்கும் கத்தரி வேண்டாம், சவரக் கத்தியும் வேண்டாம்: "ஜாங்ஙான் நிப்பிஸ்கான்". அந்தப் பல் கத்தரி சுருளுக்கு நடுவில் குட்டை முடிகளை உண்டாக்கும், அவை எந்தச் சுருளிலும் சேராமல் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். முடி அடர்த்தி அதிகம், குறைக்கிறேன் என்று அன்பாகத்தான் எடுப்பார்கள், மறுத்துவிடு.

நான் இப்போது போவது ஜார்ஜ் டவுனில் ஒரு சந்துக்குள் இருக்கிற சின்னக் கடை, ஒரே நாற்காலி, ஒரு சீன ஆன்ட்டி. தலைக்குக் குளித்து ஒருநாள் ஆன முடியோடு, சீப்புப் போடாமல், கட்டாமல் வரச் சொல்வார். முதல் பத்து நிமிடம் கத்தரியைத் தொடவே மாட்டார். சுற்றி வந்து பார்ப்பார். அப்புறம் ஒரு சுருளை இரண்டு விரலால் பிடித்துக் கீழே இழுப்பார், விடுவார், அது எங்கே போய் உட்காருகிறது என்று பார்ப்பார், திரும்ப இழுத்து, சுருள் வளைந்து திரும்புகிற இடத்துக்குக் கீழே ஒரே ஒரு வெட்டு. அடுத்த சுருள். இரண்டு மணி நேரம், 90 வெள்ளி. தரையில் விழுகிற முடி முழு முழு வளையமாகக் கிடக்கும். அதைப் பார்த்துத்தான் எனக்கு நம்பிக்கை வந்தது.

13 ஜூலை, இரவு 10:05

உன் முகத்துக்கு: கன்னத்தின் பக்கத்தில் அகலம் சேரக் கூடாது, உச்சியில் உயரம் வேண்டும். அடுக்குகள் தாடைக்குக் கீழே தொடங்கட்டும், பின்னால் லேசான ப வடிவம், வகிடு பக்கவாட்டில். நெற்றி முடி வேண்டும் என்றால் இழுத்துப் பிடித்தால் மூக்கு நுனி வரை வரட்டும், அதைவிடக் குட்டையாக வேண்டாம், விட்டதும் புருவத்துக்கு மேலே போய்விடும். நீள முகம் என்றால் இதற்கு நேர்மாறு, பக்கங்களில் அகலம், உச்சி அடக்கம்.

சுருள் ஏறுவதற்கு 5 செ.மீ. கணக்கு வைத்துக்கொள்.

15 ஜூலை, இரவு 9:20

திருத்தம். 5 செ.மீ. என்று வாய்க்கு வந்ததை எழுதிவிட்டேன். இன்று குளித்துவிட்டுத் தையல் நாடாவை எடுத்து அளந்தேன். பிடரியில் ஒரு சுருள் ஈரமாக இழுத்தால் 41 செ.மீ., காய்ந்தபின் 30. காதோரச் சுருள் 26லிருந்து 20க்கு வந்தது. ஒரே தலையில் 11, 6 என்று இரண்டு கணக்கு. நீயும் அளந்து எழுதிக்கொண்டு போ, கடையில் பேச வசதி.

அமெரிக்கச் சிகையலங்காரர் ஆண்ட்ரே வாக்கரின் முடி வகைப்பாட்டில் நான் 3பி ஆக இருக்கலாம் என்று ஒருவர் எழுதியிருந்தார். அதில் 1 நேர், 2 நெளி, 3 சுருள், 4 நெருக்கச் சுருள். பேச்சுக்குப் பயன்படும், சரி, ஆனால் என் நெற்றிப் பக்கம் நெளி, பிடரி சுருள், உச்சியில் பென்சில் சுற்றளவுக்குச் சின்னச் சுருள். எந்தப் புட்டி வாங்குவது என்று அந்த எண்ணை வைத்து முடிவு செய்ய முடியாது.

19 ஜூலை, சனி, மதியம்

இனி பராமரிப்பு. இதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, கொஞ்சம் நீளும்.

நம் முடி ஏன் எப்போதும் காய்ந்து கிடக்கிறது? தலைத்தோலில் ஊறுகிற எண்ணெய் நேர் முடியில் வழுக்கி இறங்கும். நம்முடையதில் ஒவ்வொரு வளைவையும் சுற்றிச் சுற்றிப் போக வேண்டும், நுனி வரை போய்ச் சேராது. வேர் பிசுபிசுக்கும், நுனி வைக்கோல். அதனால் ஷாம்பு தோலுக்கு மட்டும், கண்டிஷனர் நுனிக்கு. நான் வாரத்துக்கு இரண்டு தடவை, சல்பேட் என்கிற வலுவான நுரைப்பொருள் இல்லாத ஷாம்பு. சிக்கெடுப்பது கண்டிஷனர் தலையில் இருக்கும்போதே, முதலில் விரலால், அப்புறம் அகலப் பல் சீப்பால், நுனியிலிருந்து மேலே. காய்ந்த முடியில் சீப்பு போடவே கூடாது. போட்டால் வருவதற்குப் பெயர்தான் பரட்டை.

குளித்து வந்ததும் தண்ணீர் சொட்டச் சொட்ட ஜெல்லைப் போட்டு, தலையைக் குனிந்து, உள்ளங்கையில் முடியை ஏந்தி மேலே கசக்க வேண்டும். சளக் சளக் என்று சத்தம் வரும், அந்தச் சத்தம் வந்தால் தண்ணீர் போதும் என்று அர்த்தம். பூந்துவாலை வேண்டாம், அதன் நூல் வளையங்கள் சுருளைப் பிய்க்கும். நான் என் பாட்டியின் பழைய கைலியை வைத்திருக்கிறேன், துவைத்துத் துவைத்துப் பூ மாதிரி ஆன பருத்தி, அதால்தான் ஒற்றுவேன். காய்ந்ததும் அப்பளம் மாதிரி மொறமொறப்பாக நிற்கும், பயப்படாதே. கையில் இரண்டு சொட்டு எண்ணெய் தடவி மறுபடி கசக்கினால் மொறமொறப்பு உடைந்து மெத்தென்று ஆகிவிடும். முழுதும் காய்வதற்கு முன்னால் கை வைத்தால் எல்லாம் வீண்.

ஜெல் நான் வீட்டிலேயே காய்ச்சுகிறேன். ஆளி விதை கால் கப், தண்ணீர் இரண்டு கப், மிதமான தீ, அடி பிடிக்காமல் கிளற வேண்டும். முட்டை வெள்ளைக்கரு மாதிரி கரண்டியிலிருந்து நூலாக விழுகிற நேரத்தில் அடுப்பை அணைத்து, சூட்டோடு நைலான் காலுறையில் ஊற்றிப் பிழி. ஆறவிட்டால் வடியவே வடியாது. குளிர்சாதனப் பெட்டியில் ஒரு வாரம், அதற்கு மேல் வைக்காதே. நான் ஒருமுறை மேசையில் மறந்து வைத்து மூன்றாம் நாள் திறந்தேன், அந்த வாடை வீடு முழுக்க நின்றது.

சிலிக்கோன் உள்ள எதையும் தொடாதே.

20 ஜூலை

அந்தக் கடைசி வரியைத் திரும்பப் பெறுகிறேன். சிலிக்கோன் எல்லாருக்குமே ஆகாதா என்று ஒரு தம்பி நியாயமாகக் கேட்டிருந்தார். டைமெத்திக்கோன் என்கிற சிலிக்கோன் முடிமேல் படலமாக ஒட்டும், மென்மையான ஷாம்புவில் சரியாகப் போகாது, சேர்ந்துகொண்டே வந்தால் சுருள் தொய்ந்துவிடும், எனக்கு அப்படித்தான் ஆனது. ஆனால் மாதம் ஒருமுறை நன்றாகக் கழுவுகிற ஷாம்பு போட்டால் அது போய்விடும், சிக்கு அதிகம் உள்ளவர்களுக்கு அந்த வழுவழுப்பு உதவியும் செய்யும். என் அக்கா அதைத்தான் போடுகிறாள், அவள் முடி நன்றாக இருக்கிறது.

2 ஆகஸ்ட், சனி

ஒரு தாய் எழுதியிருந்தார், முதலாம் ஆண்டு படிக்கிற மகள், பள்ளியில் பிள்ளைகள் "மேகி முடி" என்கிறார்களாம், மகள் கண்ணாடி முன்னால் நின்று தண்ணீர் தொட்டுத் தொட்டு முடியை அழுத்துகிறாளாம். படித்துவிட்டு நெடுநேரம் போனைக் கீழே வைக்க முடியவில்லை. என்னையும் அதே பெயரில்தான் கூப்பிட்டார்கள்.

என் அத்தைக்கு என் முடியை நேராக்க வேண்டும் என்று பெரிய கவலை. மொட்டை போட்டால் கோரையாக வளரும் என்று யாரோ சொல்ல, ஐந்து வயதில் தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலில் முடியிறக்கினார்கள். சந்தனம் பூசிய தலையோடு அப்பா தோளில் உட்கார்ந்திருந்த நினைவு இன்னும் குளுகுளு என்று இருக்கிறது. முடி முன்பு இருந்த மாதிரியே சுருண்டு வளர்ந்தது. மேலே வெட்டுவதற்கும் உள்ளே இருக்கிற குழிக்கும் சம்பந்தம் இல்லையே. பாட்டி மட்டும் சந்தோஷப்பட்டார். "சுருட்டை முடி சோறு போடும்" என்று சொல்லிக்கொண்டே எண்ணெய் வைப்பார். அவருக்கும் அதே முடி.

அம்மா, உங்கள் மகளுக்கு: இரண்டு பின்னல் கட்டாயம் என்றால் ஞாயிறு இரவு குளிக்க வைத்து, கண்டிஷனரோடு சிக்கெடுத்து, ஈரம் லேசாக இருக்கும்போதே தளரப் பின்னிவிடுங்கள். காலையில் அழுகை இருக்காது. சனிக்கிழமை பின்னலை அவிழ்த்துவிட்டு ஒரு நாள் முழுக்க விரித்துவிடுங்கள், கண்ணாடி முன்னால் சுருளை இழுத்து விட்டு அது துள்ளுவதைக் காட்டுங்கள். குழந்தைக்கு அது ரொம்பப் பிடிக்கும்.

3 ஆகஸ்ட்

பெரியம்மா இப்போது ரீபாண்டிங் வேண்டாம், முடியை நேராக்குகிற கெரட்டின் பூச்சு செய் என்கிறாராம். தங்கச்சி, அது வேறு வேலை. அதில் பலவற்றில் ஃபார்மால்டிஹைட் இருக்கிறது, அல்லது சூட்டு இரும்பு பட்டதும் அதை வெளிவிடுகிற பொருள் இருக்கிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004இலேயே அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்திவிட்டது. "ஃபார்மால்டிஹைட் இல்லை" என்று ஒட்டியிருந்த பொருள்களிலும் அது இருந்தது என்று அமெரிக்கத் தொழிலிடப் பாதுகாப்புத் துறை 2011இல் எச்சரித்தது. நீ ஒரு நாள் உட்கார்ந்து எழுந்து போவாய், கதவு மூடிய ஏர்கோன் அறையில் தினமும் அந்தப் புகையில் நிற்கிற பிள்ளைகளை நினைத்துப் பார்.

9 ஆகஸ்ட், இரவு

இன்று 12 மணி நேர ஷிப்ட். தூசி புகாத கிளீன்ரூம் அறையில் தலைமூடி, அதற்கு மேலே முழு உடை, கண் மட்டும் வெளியே. எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று இரண்டு பேர் கேட்டார்கள். உச்சந்தலையில் தளர ஒரு கொண்டை, அன்னாசிப்பழத் தலை மாதிரி, துணி சுற்றிய ரப்பரால் ஒரே சுற்று. தூங்குவதும் அப்படித்தான், சாட்டின் தலையணை உறையில். ஷிப்ட் முடிந்து தலைமூடியைக் கழற்றினால் வேர் எல்லாம் வியர்வை. உடனே அவிழ்த்து, தெளிப்பானில் தண்ணீர் ஐந்தாறு தடவை அடித்து, கசக்கி விடுவேன், பஸ் வருவதற்குள் சுருள் எழுந்துவிடும்.

மோட்டார் ஓட்டுகிற தம்பிக்கும் அதேதான்: ஹெல்மெட்டுக்குள் மெல்லிய சாட்டின் துணி ஒன்று கட்டு. பினாங்குப் பாலத்தில் 13.5 கி.மீ. காற்றில் விரிந்த முடியோடு போனால் சிக்கெடுக்க அரை மணி நேரம். ஆண்களுக்கு வெட்டும் அதே விதிதான், பக்கங்களை மிஷினில் ஒட்ட எடுத்து மேலே 8, 10 செ.மீ. விடச் சொல், மேலே உள்ளதைக் காய்ந்த நிலையில் வெட்டச் சொல்.

31 ஆகஸ்ட், மெர்டேக்கா (மலேசியச் சுதந்திர தின) விடுமுறை

பக்கத்து வீட்டு வேலி முழுக்க செம்பருத்தி, கொடியேற்றுகிற நாளில் அதைப் பார்த்ததும் எழுதத் தோன்றியது. 1960இல் இருந்து நம் தேசிய மலர், புங்ங ராயா, அதன் இலையில்தான் பாட்டி தலை கழுவுவார். பத்துப் பதினைந்து இலையைத் தண்ணீரில் கசக்கினால் வழவழ என்று நுரைக்கும், அந்தக் கொழகொழப்பு நல்ல கண்டிஷனர். ஒன்றே ஒன்று, மெல்லிய துணியில் வடிகட்டு. சுருளுக்குள் இலைத்துகள் மாட்டினால் இரண்டு நாள் விழுந்துகொண்டே இருக்கும்.

தேங்காய் எண்ணெய் பற்றியும் கேட்டீர்கள். நல்லது, ஆனால் குளிப்பதற்கு முன்னால். தேங்காய், சூரியகாந்தி, மினரல் எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2003இல் வந்தது, முடியின் புரத இழப்பைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டுமே. அதில் இருக்கிற லாரிக் அமிலம் சிறியது, நேரானது, முடிக்குள்ளேயே போகும். முந்தின இரவு தடவி, காலையில் அலசு. குளித்த பிறகு நிறையப் பூசினால் இந்த ஊர் வெயிலில் முகத்தில் வழியும்.

14 செப்டம்பர், ஞாயிறு

எல்லாம் செய்தும் மதியத்துக்குள் பரட்டையாகிறது என்று தங்கச்சி எழுதியிருக்கிறாய். ஜெல் புட்டியின் பின்பக்கத்தைப் படித்துச் சொல் என்றேன், இரண்டாவது பெயரே கிளிசரின். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். நம் ஊரில் காற்றே ஈரத்துணி மாதிரி. இழுத்த ஈரம் முடிக்குள் போய், காயும்போது உண்டான ஹைட்ரஜன் பிணைப்புகளைத் தளர்த்திவிடும், சுருள் உப்பிக் கலைந்துவிடும். மழை மாதங்களில் கிளிசரின் பட்டியலின் அடியில் இருக்கிற ஜெல்லாகப் பார், அல்லது ஆளி விதையைக் காய்ச்சு.

வெட்டப் போவதற்கு இதுதான் நேரம். விழாவுக்கு மூன்று நான்கு வாரம் முன்னால் வெட்டினால் சுருள் தன் இடத்தில் படிந்துவிடும்.

21 செப்டம்பர்

முடி வெட்டியபின் நீ அனுப்பிய படம் பார்த்தேன்! வட்ட முகத்துக்குக் கன்னத்தில் அகலம் கூடாது என்று நான்தான் எழுதினேன், ஆனால் ஆன்ட்டி உனக்குக் கன்ன எலும்பு மட்டத்தில் இரண்டு சுருளை விட்டிருக்கிறார், அது கண்ணாடிச் சட்டத்துக்குப் பக்கத்தில் அவ்வளவு அழகாக உட்கார்ந்திருக்கிறது. என் விதி தவறு, அல்லது உன் முகத்துக்குப் பொருந்தாது. எதிரே உட்கார்ந்திருக்கிற தலையைப் பார்த்து வெட்டுகிறவர் கை சொல்வதைத்தான் கேட்க வேண்டும். வகிடு மட்டும் இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் தள்ளிப் பார்.

5 அக்டோபர், ஞாயிறு

பட்டமளிப்புத் தொப்பி. இதை நான் யோசிக்கவே இல்லை, நல்லவேளை கேட்டாய். தொப்பி உச்சியை அமுக்கும், ஆகவே அன்றைக்கு உயரத்தை மறந்துவிடு, அழகு முன்னாலும் தோளிலும் இருக்கட்டும். முந்தின நாள் காலையில் தலைக்குக் குளித்து ஜெல் போட்டு முழுதும் காயவிடு, இரவு அன்னாசிக் கொண்டை. காலையில் உச்சி முடியில் வலது இடது இரண்டு பக்கமும் குறுக்கும் நெடுக்குமாக இரண்டிரண்டு ஊசி குத்தி, தொப்பியின் உள்பட்டையை அதில் மாட்டு. முன்சுருள் இரண்டையும் வெளியே எடுத்துவிடு. கழற்றியதும் சீப்பு வேண்டாம், குனிந்து விரல் நுனியால் வேரை மட்டும் அசைத்து நிமிர்ந்தால் போதும். வீட்டில் பழைய தொப்பி ஏதாவது இருந்தால் இன்றைக்கே ஒருமுறை ஒத்திகை பார்.

18 அக்டோபர், சனி

போட்டோ வந்தது, கிலாங்கில் என் லைனில் இருக்கிற எல்லாருக்கும் காட்டிவிட்டேன். ஆனால் நான் திரும்பத் திரும்பப் பார்த்தது உன் பக்கத்தில் நிற்கிற அம்மாவை. அவர் காதோரத்தில் நேராக்கிய முடிக்கு மேலே இரண்டு விரல் அளவு சுருள் முளைத்திருக்கிறது, உன்னுடையதே மாதிரி.

அம்மா அந்த ஆன்ட்டியின் கடை எங்கே என்று கேட்டதாக எழுதியிருக்கிறாய். தீபாவளி திங்கட்கிழமை, அதற்குள் இடம் கிடைக்காது. அடுத்த வாரம் கூப்பிட்டு நேரம் கேள், ஒரு நாளைக்கு மூன்று தலைதான் எடுப்பார். நேராக்கிய முடி என்று முன்கூட்டியே சொல்லிவிடு, ஒரேயடியாக வெட்டாமல் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பார், எனக்கும் அப்படித்தான் செய்தார். அதுவரை அம்மாவுக்கு அந்த இரண்டும் சேர்கிற இடத்தில் சீப்பு போட வேண்டாம் என்று சொல், விரல் மட்டும்.